மருந்து விடாத கண்ணாடி

"அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்று நசீரின் மகன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, எரிச்சல். சாவதிலும் எனக்கு முந்திவிட்டாரே! இந்த நினைவுக் கூட்டத்தில், அவரையும் என்னையும் அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த சின்னக் கால்நடை ஆய்வுகூடத்தில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். செம்மறிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியில் நோயெதிர்ப்புக் கலங்கள் எப்படி முதிர்கின்றன என்று பார்ப்பது எங்கள் ஆய்வு; ஆளுக்குத் தனித்தனிக் குட்டிகள், தனித்தனிக் கட்டுரை. வெளிநாட்டிலிருந்து வந்த பிறபொருளெதிரி என்ற மருந்தைச் சுரப்பியின் மெல்லிய சீவலில் விட்டுச் சாயம் சேர்த்தால், தேடிய கலங்கள் மட்டும் கபில நிறமாகும். மின்சாரம் நின்று குளிர் போனால் அந்த மருந்துக் குப்பி பழுதாகிவிடும். நசீர் சல்லி ஊர் மீன்காரரிடம் ஐஸ் வாங்கிச் சைக்கிளில் கொண்டுவருவார். கிண்ணியாவில் குட்டி செத்தாலும் சுரப்பி எடுக்க வரச்சொல்லி அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். என்னைக் கண்டால் படலையைச் சாத்துவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், சீவல் ஒட்டிய என் கண்ணாடித் துண்டு முழுக்கக் கபிலம். இவ்வளவு இளம் குட்டியில் இத்தனை கலங்களா! மேலதிகாரிக்கு அன்றைக்கே கடிதம் எழுதி உறையில் போட்டேன்.

நசீர் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐசே, மருந்து விடாத கண்ணாடி எங்க?"

ஒப்பிட்டுப் பார்க்க, பிறபொருளெதிரி விடாமல் ஒரு துண்டை எப்போதும் கூடவே செய்வது அவர் வழக்கம். நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். அதே சுரப்பியில் அவர் ஒன்று செய்து காட்டினார். அதுவும் கபிலம். சுரப்பியில் இருந்த இரத்தமே சாயத்தோடு சேர்ந்து நிறம் காட்டியிருந்தது. என் கண்டுபிடிப்பு வெறும் பொய்.

"கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல" என்றார். பிறகு தன் குட்டிகளுக்கென்று வைத்திருந்த மருந்தின் கடைசிச் சொட்டுகளை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்கட ஆய்வு?"

"குட்டிகள் பிறகும் பிறக்கும்தானே."

குட்டிகள் பிறந்தன. பாதை மூடப்பட்டதால் அடுத்த குப்பி வரவில்லை. அவர் தந்த சொட்டுகளால் திரும்பச் செய்த ஆய்வின் கட்டுரை என் பெயரில் வந்தது, பதவி உயர்வும் எனக்கே. அவருக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி எழுதினேன். அந்தக் கட்டுரையை அவர் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். அதற்காகவும் அவர்மேல் பொறாமைப்பட்டேன். நானாக இருந்தால் அந்தச் சொட்டுகளைக் கொடுத்திருக்க மாட்டேன்.

பென்சிலால் 'மருந்து இல்லை' என்று அவர் எழுதிய அந்தக் கண்ணாடித் துண்டு இத்தனை வருடமும் என் மேசை லாச்சியில் இருந்தது. மகனிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லவென்று ஜனாசா நல்லடக்கத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வந்தவர் ஒவ்வொருவரிடமும் நசீர் தங்களுக்குக் கொடுத்ததைப் பற்றி ஒரு கதை இருந்தது.

மகனிடம் சொல்லாத என் கதையை இங்கே உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கொடுக்கவில்லை. அது அவர் எனக்குத் தந்தது.