சாச்சியின் மூக்கு

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று, சாச்சி கூடத்தில் உட்கார்ந்தபடியே, "இன்னாடி, இன்னும் அடுப்பு பத்த வெக்கலியா?" என்று கேட்டார். உள்ளே நான் வெங்காயத்தோடு இறால் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசனை தெருவரை போயிருந்தது.

சாச்சி என் அம்மாவின் தங்கை. பழவேற்காட்டில் பிறந்து கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டவர். தொலைக்காட்சியில் அவர் சமைத்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்ப்பார்கள். வார இதழில் அவர் எழுதியதைப் படித்தால் சாப்பிட்டவர்களுக்கும் பசிக்கும். ஏரி நண்டைப் பற்றி எழுதும்போது, மழை நின்றதும் படகின் அடிப்பலகையிலிருந்து எழும் மணத்தில் ஆரம்பிப்பார். சமையல் முழுவதும் அவருக்கு மூக்கில்தான் இருந்தது.

மருத்துவர்கள் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். மூக்கோடு நாக்கின் ருசியும் போயிருந்தது. படப்பிடிப்பில் நான் ருசி பார்த்துத் தூரத்திலிருந்து தலையாட்டுவேன். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்து, "பிரமாதம்" என்பார்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில், வேலை செய்யும் பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார்கள். சாச்சி நடுவர். மேசைக்குப் பக்கத்தில் என்னை விடவில்லை. பால் பாயசம் செய்த பெண்ணுக்கு முதல் பரிசு என்று மைக்கில் அறிவித்துவிட்டு, "பாலு சுண்டின வாசனை அப்டியே நிக்கிது" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே மேடையேறினாள்.

"மேடம், அது அடிபுடிச்சிப் போச்சு. வாயிலயே வெக்க முடியல. என்னை ஏன் மேடம் இப்டி தமாஷ் பண்றீங்க?"

சாச்சியின் கண்கள் என்னைத் தேடின. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். தலையாட்டி என்ன ஆகப்போகிறது? அவர் மைக்கை இறக்கவில்லை.

"தமாஷ் இல்லம்மா. எனுக்கு வாசனையே தெரியல. ரொம்ப நாளா தெரியல. உன்னைப் போயி அழ வெச்சிட்டனே."

அதற்காக யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் வேறொருவர் வந்தார். இதழிலும் அவருடைய பக்கம் நின்றுபோனது.

இப்போதும் அடிக்கடி போய்ச் சமைத்துப் போடுகிறேன். சாச்சி உடனே சோற்றைத் தொடமாட்டார். "இன்னா வாசனை வருது, சொல்லு" என்பார்.

"நல்லா இருக்கு சாச்சி."

"நல்லான்னா? எப்டி நல்லா?"

கண்களை மூடிக்கொண்டு காத்திருப்பார். எனக்கு மணக்கிறது, நன்றாகவே மணக்கிறது. சொல்லத்தான் வரவில்லை.