அக்கா சொல்லிக்கொடுத்த முதல் மெட்டு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் தம்பியின் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி சொன்னார்கள். அக்கா பொறுமைசாலிதான். எனக்கு அந்தக் குணம் கிடையாது என்பதால் இந்தக் கட்டுரை கொஞ்சம் கசக்கும்.

கடலூர் முதுநகரில் ஒரு தையற்காரருக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. வயலின் கற்க ஆசைப்பட்டபோது, "இதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆவுற காரியமா?" என்று சொந்தங்கள் சிரித்தன. அப்பா சிரிக்கவில்லை. சிதம்பரத்துக்கு அனுப்பி இசை படிக்க வைத்தார். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அக்கா. அதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது அப்படியே நின்றுபோனது.

2004-ல் சிதம்பரத்தில் ஓர் இசைப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு வயலின் ஆசிரியையாகச் சேர்ந்தார். எடுத்த எடுப்பில் சரளி வரிசையைத் தொட மாட்டார். விரல் வைக்க வேண்டிய இடங்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, நடவுப் பாட்டு, கும்மி என்று ஜனங்கள் பாடும் மெட்டுகளைத்தான் முதலில் வாசிக்க வைப்பார். அந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வில்லை எடுக்கலாம். இது அவர் வகுப்பின் சட்டம். அந்தச் சட்டம் வந்த கதையை உங்களில் பலர் அறியமாட்டீர்கள்.

முதுநகரில் எங்கள் பின்வீட்டில் அஞ்சலை என்பவர் குடியிருந்தார். சேத்தியாத்தோப்புக்காரர். அவருடைய ஒரே மகன் செல்வம் துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமந்து பிழைத்தவன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று செத்துப்போனான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அஞ்சலை பாடிய ஒப்பாரி அக்காவின் காதைவிட்டுப் போகவே இல்லை. சில மாதம் கழித்து, சொந்த ஊருக்கே போய்விட்ட அஞ்சலையைத் தேடி நானும் அக்காவும் போனோம். அந்த மெட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா என்று அக்கா கேட்டார்.

அஞ்சலை எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "சொல்லிக்குடும்மா. ஆனா எம் புள்ள செல்வத்துக்குப் பாடுனதுன்னு சொல்லிட்டுத்தான் வாசிக்கணும். இல்லாட்டி அப்பிடி ஒருத்தன் இருந்ததே யாருக்கும் தெரியாம பூடும்" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். நாலே சுரத்தில் நடக்கும் மெட்டு அது. சின்னக் கை நடுங்காமல் வில்லை முழுதாக இழுத்துப் பழக அதைவிடத் தோதான மெட்டு இல்லை என்பார். அதனால் அதுவே முதல் பாடம் ஆயிற்று.

எங்கள் தாய்மாமா பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர். அவருடைய பேத்தி அக்காவின் மாணவி. மாமா புது வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, பால் காய்ச்சி முடித்த கையோடு பேத்தியைக் கூடத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்குச் சுத்தமாக வாசிக்கத் தெரிந்தது அந்த ஒன்றுதான். வகுப்பில் சொல்வதைப் போலவே கணீரென்று சொன்னாள்: "இது அஞ்சலையம்மா, செத்துப்போன அவுங்க பையன் செல்வத்துக்குப் பாடுன ஒப்பாரி."

பாதி வாசிப்பதற்குள் வயலினைப் பிடுங்கிவிட்டார்கள். "ஏம்மா, எங்குடியக் கெடுக்கத்தான் வந்தியா?" என்று சபை நடுவே மாமா அக்காவைக் கேட்டார். அடுத்த மாதம் அவருடைய முந்திரி லாரி கவிழ்ந்தது. தூங்கிவிட்டேன் என்று டிரைவரே ஒப்புக்கொண்டும், பழி அக்கா தலையில்தான் விழுந்தது.

பள்ளிக்கும் புகார் போனது. "தாலாட்டுன்னு சொல்லிடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் நிர்வாகி.

"எனக்குத் தெரியும் சார்" என்றார் அக்கா. அன்றோடு வேலை போயிற்று.

பிறகு வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். விசேஷ வீடுகளுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஓரிருவரும், "அலைச்சல் ஜாஸ்தி, முடியலன்னா வர வேணாம்மா" என்று சேர்த்தே சொன்னார்கள். அவர் உடம்பை அரித்தது புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்கு முன்பே அரிக்கத் தொடங்கியவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அதே பள்ளி ஆரம்பப் பாடப் புத்தகம் அச்சிட்டிருந்தது. முதல் பாடம் அந்த மெட்டுதான். மேலே "தாலாட்டு" என்று போட்டிருந்தார்கள். நான் நேரில் போய்க் கேட்டேன்.

"டீச்சர் பேரு போடலன்னு வருத்தமா?" என்றார் நிர்வாகி.

"அக்கா பேரு வேணாம் சார். அஞ்சலையம்மா பேரையும் அவுங்க புள்ள பேரையும் போடுங்க."

"சாவுப் பாட்டுன்னு போட்டா எந்தத் தகப்பன் வாங்குவான், தம்பி?" என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அஞ்சலையம்மா மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார். வலிக்கு ஊசி போட்டார்கள். இதற்கு ஊசி இல்லை.

அக்காவின் உடலை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வயலின்களோடு வந்தார்கள். ஒரு பெண் முன்னால் வந்து, "இது தாலாட்டு" என்றாள். எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். மாமா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "என்ன தாலாட்டுடா மாப்ள. அக்காவத் தூங்க வச்சிட்டாங்க புள்ளைங்க" என்றார். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், வெயிலில் நின்று வாசித்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பண்ருட்டியிலிருந்து வேன் அனுப்பி, பாடைக்கு ஏற்பாடு செய்து, தோளும் கொடுத்த மாமாவுக்கும் நன்றி. இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

மாமா, அன்று நீங்கள் அழுதது தாலாட்டுக்கு அல்ல. சேத்தியாத்தோப்பு அஞ்சலை, தன் மகன் செல்வத்துக்குப் பாடிய ஒப்பாரிக்கு.