வேர் ஓடாத சோளம்

சாணி, புழு, அழுகிய எரு எதைத் தொட்டாலும் நான் முகம் சுளித்ததில்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கிறவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் அறுபதுகளில் விவசாய யோசனை சொல்ல அரசாங்கத்திலிருந்து எங்கள் ஊருக்குச் சைக்கிளில் வந்துபோன அந்தக் கிராம சேவக்கை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

நெருக்கி நட்டாலும் கதிர் சிறுக்காத வீரிய ஒட்டு மக்காச்சோளம் என்று சொல்லி, சோதனைக்காக என் தோட்டத்தில் விதைக்க வைத்தவரே அவர்தான். பயிர் அருமையாக வந்தது. மைனா விதையைக் கொத்திய இடங்கள் மட்டும் காலியாகக் கிடந்தன. பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று காலை, சேவக் பக்கத்துத் தோட்டத்தில் சோளத்தட்டைகளை அறுத்துவந்து அந்த இடங்களில் ஊன்றிவிட்டார்.

"செத்த நேரம் பச்சையா நின்னாப் போதும்ணே."

ஜீப் உச்சிவெயிலில்தான் வந்தது. ஊன்றியதெல்லாம் தலை தொங்கிவிட்டது.

"நெருக்கம் தாங்கலையே?" என்றார் அதிகாரி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தட்டையைப் பிடுங்கி, "ஐயா, இது..." என்று ஆரம்பித்தேன். சேவக் அதை வெடுக்கென்று பறித்து, அறுத்த அடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஆமாங்கய்யா, நெருக்கத்துல வேரே ஓடலை, பாருங்க!"

"அப்ப இந்த ரகம் இங்க வேணாம்" என்று அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

என் சோளமோ நுனிவரை மணி பிடித்தது. ஒருநாள் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது, அதே சேவக் பையோடு வந்து நின்றார்.

"பிள்ளைகளுக்கு அவிக்க நாலு கதிர் குடுங்கண்ணே. நல்ல ரகமாச்சே!"

ஒடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் போனதும் வாய்க்காலில் இறங்கிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாணிக்காக அல்ல.