தேத்தண்ணி குடிக்காத நொத்தாரிசு

மெல்பேர்னில் நம்மவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பி வருவது லேசான காரியமா? அருந்தவன் அதை வருஷக்கணக்காகச் செய்கிறார். முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் நொத்தாரிசு அவர். ஊருக்கு அனுப்பும் காணிப் பத்திரங்களில், இன்னார் என் முன்னால் மனதாரக் கையெழுத்து வைத்தார் என்று சாட்சி சொல்வது அவர் தொழில். "கையெழுத்து வைக்கிற வீட்டில தேத்தண்ணி வேண்டாம்" என்பார். குடித்துவிட்டால் விருந்தாளி; விருந்தாளியால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு. தலைக்கனம் பிடித்த மனிசன் என்று சனம் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை தன் கதையைச் சொல்லும்வரை.

அண்ணை மெல்பேர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் மகன் அனோஜோடு இருக்கிறார். மன்னாரில் அவருடைய வீட்டில் விதவைத் தங்கை சூசையம்மா குடியிருக்கிறார். அந்த வீட்டை விற்க ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை அனோஜ் தயார் செய்து, அருந்தவனை வரவழைத்தான். கெட்ட பிள்ளை அல்ல. மருந்து, சாப்பாடு, சட்டை என்று எல்லாவற்றையும் அப்பாவைக் கேட்காமலே அப்பாவுக்குச் செய்து பழகியவன்.

அருந்தவன் கேள்வி கேட்டது தகப்பனிடம். பதில் சொன்னது மகன். மூன்றாவது கேள்வியோடு அருந்தவன் பேனையை மூடினார்.

"தம்பி, ஒருக்கா வெளியில நில்லுங்கோ."

அனோஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்ர அப்பாதானே அங்கிள்!"

"ஓம். அதுக்காகத்தான் சொல்லுறன்."

கதவு சாத்தியதும் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "எனக்கு விற்க விருப்பமில்லை, தம்பி. சூசையம்மா எங்க போவாள்? ஆனா பிள்ளையின்ர வீட்டில சாப்பிட்டுக்கொண்டு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்களே ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ."

அருந்தவன் வெளியே வந்து, "என்னால முத்திரை குத்த ஏலாது" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. அனோஜ் வாய்க்கு வந்தபடி ஏசினான். குசினியில் ஊற்றி வைத்த தேத்தண்ணி அங்கேயே ஆறியது. அவ்வளவையும் கிழவருக்காக வாங்கிக் கட்டிக்கொண்டு அவர் காரில் ஏறினார். நான் தலைக்கனம் என்று நினைத்தது இதைத்தான்.

அனோஜ் விட்டானா? ஒன்லைனில் வேறொரு நொத்தாரிசைப் பிடித்தான். திரையில் வந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் அதையேதான் கேட்டார்: விருப்பத்தோடுதான் கையெழுத்து வைக்கிறீர்களா? அனோஜ் வழக்கம்போலப் பதில் சொல்ல வாய் திறந்தான். அருந்தவன் வாங்கிய ஏச்சு அண்ணைக்கு இன்னும் செமித்திருக்கவில்லை. மகனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நோ" என்றார். அந்த ஒரு ஆங்கிலச் சொல் போதுமாக இருந்தது.

திரை அணைந்தபிறகும் அனோஜ் எழும்பவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே அப்பா?"

"நீ என்னைக் கேக்கேல்லையே, மகன்." அருந்தவனை மறுக்கச் சொன்னது தான்தான் என்பதையும் அண்ணை சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் அருந்தவனுக்குப் போன் வந்தது. அனோஜ்தான்.

"அங்கிள், கையெழுத்து ஒண்டுமில்லை. தேத்தண்ணிக்கு வாங்கோ."