தண்ணீர் குறைந்த திருநாள்

போன கோடையில், பிரான்ஸின் மேற்குப் பக்கத்தில், பிரிட்டனி என்கிற பகுதியின் ஒரு சின்னக் கிராமத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியலில். கணவரின் தங்கை மகளுக்குப் பாரிஸில் கல்யாணம் என்று போயிருந்தோம். திரும்பி வந்ததும் இவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் ஓர் ஆசை என்றார். கல் பார்க்க வேண்டுமாம்!

துறைமுக வேலையில் வருடக்கணக்காகச் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளையே பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர், வீட்டுக்கு வந்தால் பழைய கல் கட்டடங்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார். பிரிட்டனியில் ஊருக்கு ஊர் கருங்கல் தேவாலயங்கள் இருக்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். பயணம் போகலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. வாடகைக் காரில் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஆனால் அந்த இடத்தில் இறங்கியதும் நானே முணுமுணுப்பை மறந்துவிட்டேன். கல் மதிலுக்குள் பழைய சிற்றாலயம். முன்னால் உயர்ந்த கற்சிலுவை, அதைச் சுற்றிலும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிறிய கல் உருவங்கள். மழையும் காற்றும் பட்டு முகங்கள் மழுங்கியிருந்தாலும் அழுகிறவள் யார், அடிக்கிறவன் யார் என்று தெரிந்தது. இவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு அசையவே மாட்டேன் என்றார். நான் சரிவில் இறங்கினேன். அங்கே செதுக்கிய கருங்கல்லால் கட்டிய ஊற்றுத் தொட்டி. மேலே மாடத்தில் ஒரு புனிதர் சிலை. நாலு பக்கமும் படி வைத்திருந்தால் நம்முடைய கேணிதான்.

அடுத்த நாள் அங்கே திருநாள். ஊர்வலமாக வந்து, தொட்டித் தண்ணீரில் சிலுவையைத் தோய்த்து எடுப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். ஊர்க்காரர் சிலர் புல் வெட்டிக்கொண்டும் கூட்டிக்கொண்டும் நின்றார்கள். கேணியைக் கண்டால் முகம் கழுவாமல் கோயிலுக்குள் போய்ப் பழக்கமில்லை எனக்கு. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். கழுத்தில் ஏதோ வழுக்கியது. பார்த்தால் தாலிக்கொடி தண்ணீருக்குள் போகிறது. ஹோட்டலில் வைத்துவிட்டு வரப் பயந்து, கல்யாணத்துக்குப் போட்டதை அப்படியே சட்டைக்குள் விட்டிருந்தேன். கொக்கி தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். நீலத் தொப்பி போட்ட ஒருவர் புல் வாரும் நீளமான வாரியால் துழாவப் போனார். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து போட்ட ஒரு பெண் தடுத்தாள். அடியில் கல் இடுக்குகள், துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும், தண்ணீரை இறைத்தால்தான் எடுக்கலாம் என்றாள். தொப்பிக்காரர் முகம் சிவந்துவிட்டது. மழையில்லாத கோடை, ஊற்று நூல் மாதிரித்தான் வருகிறது. தொட்டியைக் கழுவி, திருநாளுக்கு நிரம்பட்டும் என்று காத்திருந்து சேர்த்த தண்ணீர் அது. ஒரு நகைக்காகவா என்று கேட்டார். நியாயம்தானே?

இவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். “விடுமப்பா. ஆள் நான் முழுசா நிக்கிறன். தாலி வேற செய்யலாம்.”

“நீங்கள் கதையாம இருங்கோ” என்று சீறினேன்.

மொன்றியலில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை எனக்கு. பிரெஞ்சு நன்றாக வரும், ஆனால் கியூபெக் பிரெஞ்சு. அந்தப் பயணம் முழுக்க நான் வாயைத் திறந்தாலே கேட்டவர்கள் சிரித்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. இது நகையில்லை, இவர் எனக்குக் கட்டியது, ஊருக்குப் போனதும் இவர் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அத்தனை நாளும் இவருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த பயம். இவர் காது கேட்கவே சொல்லிவிட்டேன்.

தொப்பிக்காரர் போய் வாளி எடுத்து வந்தார். முதல் வாளி அவர்தான் அள்ளினார். மற்றவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கீழே புல்லில் ஊற்றினார்கள். நானும் நின்றேன். இவரை மட்டும் வாளி தொட நான் விடவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும் தொப்பிக்காரர் உள்ளே இறங்கி இடுக்கிடுக்காகத் தடவினார். கடைசியில் கொடி அவர் விரலில் தொங்கியபடி வந்தது. என்னிடம் தரவில்லை. இவரிடம் கொடுத்து, போட்டுவிடு என்று சைகை காட்டினார்.

ரப்பர் சப்பாத்துப் பெண், யாரும் சொல்லாமலே, என் தலைமயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தில் தோழி நிற்பது போலவே நின்றாள். இவர் பின்னால் நின்று கொக்கியை மாட்டப் பார்க்கிறார், மாட்டுப்படவில்லை. கை அப்படி நடுங்கியது.

“தண்ணி சரியான குளிர், கை விறைச்சுப்போச்சு” என்றார்.

தண்ணீரில் அவர் கையே வைக்கவில்லை. பகிடியும் சிரிப்புமாகத் திரிந்த மனிதரும் என்னைப்போலவே பயந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு இரண்டு பேரும் முதல்முறையாக அதைப் பற்றி மனம்விட்டுப் பேசினோம்.

மறுநாள் திருநாளுக்குப் போகாமல் கிளம்ப மனம் கேட்கவில்லை. தொட்டியில் சாண் அளவு தண்ணீர்கூட இல்லை. பாதிரியார் முழங்காலிட்டு, கிட்டத்தட்டப் படுத்துக் கையை நீட்டித்தான் சிலுவையைத் தோய்த்தார். எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒருவர்கூட என்னைக் குறையாகத் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பிக்காரர் மட்டும் ஒரு துண்டு கேக்கோடு வந்தார். அடுத்த வருடம் தொட்டி கழுவ ஆள் போதாது, உன் கணவரை அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்திரசிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் இருந்தபோது எனக்குத் தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. வாளி கைமாற்றிய அந்த ஆட்கள்தான் கண்ணுக்குள் நின்றார்கள். இவர் இப்போது நலம். கல் கழுவ எந்தப் பிரஷ் நல்லது என்று தினமும் என்னை அரிக்கிறார். பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் பயத்தைக் கேட்டு, தங்கள் திருநாளின் தண்ணீரையே இறைத்து ஊற்றிய மனிதர்கள் இருக்கிற உலகத்தில் பயத்தை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற துணிவு எனக்கு அங்கேதான் வந்தது, இன்றும் அது என்னோடு இருக்கிறது.