முதலாளி பெயரில் இரண்டு பேர்

எங்கள் வீரபாண்டி பனியன் கம்பெனியில் ரோஸ்மேரிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்த்தான் இவளைப் படிக்க வைத்தார்கள். வளர்ந்ததெல்லாம் இங்கே நல்லூரில் என்றாலும் பேச்சில் தெற்கத்தி வாடை போகவில்லை. நான் பேக்கிங் பொறுப்பிலிருக்கும் கந்தப்பன். யாரையும் லேசில் புகழ மாட்டேன்.

நூல், துணி, ஆர்டர், பெட்டி லேபிள் எல்லாம் எங்களுக்கு ஒரே டேட்டாபேஸில். ஆர்டர் பிரிவில் ஒருவர் மூன்று வருட விவரத்தை ஒரே மூச்சில் கேட்டால் போதும், சர்வர் முழுக்க அவருக்கே உழைக்கும். இங்கே என் லேபிள் பிரிண்டர் சும்மா நிற்கும், வெளியே லாரி நிற்கும், திட்டு மட்டும் தவறாமல் எனக்கு வரும். முதலாளி மகுடேஸ்வரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னார். எடுத்தால் ரோஸ்மேரிக்கு வேலை இருக்காது.

அவள் ஒரு வழி சொன்னாள். ஆளுக்கு ஓர் அளவு. ஒரு பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் உள்ளே இருக்கலாம். ஒரு கேள்விக்காக சர்வர் இவ்வளவு நேரம்தான் உழைக்கும், அதற்குமேல் தானாக நிறுத்திவிடும். ஒரு வாரம் பார்க்கச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனியே நின்றது. ஆளாளுக்குத் தனிப் பெயர் கொடுத்திருந்தும் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. எல்லோரும் போவது முதலாளி பெயரில்தான், அதில் எல்லாப் பக்கமும் திறக்கும். பாஸ்வேர்டு அவருடைய கார் நம்பர், தெரியாதவர் கிடையாது. அன்று முந்திக்கொண்டவர்கள் கேண்டீன்காரரும் வாட்ச்மேனும். மூன்றாவதாக வந்தவர் முதலாளி.

நேராகக் கீழே இறங்கி வந்தார். "ஏனம்மிணி, என்ற கம்பெனிக்குள்ள என்னையவே உட மாட்டீங்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லாரியை நினைத்து அடக்கிக்கொண்டேன். ரோஸ்மேரிக்கு முகமே வெளுத்துவிட்டது. "அளவை எடுத்துப்போடு கண்ணு, எல்லாம் ஓடும்" என்று நானே சொன்னேன்.

"எடுத்தா மறுபடியும் பழைய கதைதான் அண்ணே" என்றவள் அவரிடம் திரும்பினாள். "சார், உங்க பேரை நீங்க மட்டும் வச்சுக்கிடுங்க. பாஸ்வேர்டை இப்பமே மாத்துதேன். மதியத்துக்குள்ள எல்லாரையும் அவங்கவங்க பேர்ல உள்ள விட்டுருதேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "செரி, மதியம் வரைக்கும் பாக்கறேன்" என்று போய்விட்டார். அவள் முதலில் பேக்கிங்குக்குத்தான் வந்தாள். சாப்பாட்டு மணிக்கு முன்பே லேபிள் ஓட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை அவள் என் பக்கத்தில் நிற்கும்போது முதலாளி போன் செய்தார். குரல் எனக்கே கேட்டது.

"அம்மிணி, மூணு வருச ரிப்போர்ட் பாதியில நின்னுபோச்சு. எனக்குமா?"

"உங்களுக்கும் அதே அளவுதான் சார். இங்க பேக்கிங்ல லேபிள் ஓடுது. மாசம் மாசமாக் கேளுங்க, வந்துரும்."

வம்பை விலைக்கு வாங்கிவிட்டாளே என்று நினைத்தேன்.

"செரி, மாசம் மாசமாவே கேக்கறேன். அந்த வெளியாள வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். நீயே பாத்துக்க."

போனை வைத்தவள், "அண்ணே, அம்மாட்ட சொல்லணும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் பொறுக்கவில்லை. லேபிள் எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.