அறுபது அடிக் கொடிக்கம்பம்

நாலாம் வகுப்பு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முடிச்சு சார். எதைக் கண்டாலும் இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவார். மழை பெய்தால் அறிவியல், அதை வாளியில் பிடித்தால் கணக்கு, வாளி நிரம்பும் சத்தத்தை எழுதச் சொன்னால் மொழிப்பாடம். வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு அதன் வளையங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி கத்தியை வாங்கிக்கொள்வாள்.

"வெங்காயம் வட்டம்னு எனக்கும் தெரியும்ங்க. அது வதங்கினாத்தான் நான் வேலைக்குப் போக முடியும். நகருங்க."

பிற்பகலின் மூன்று பாடவேளைகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மணி அடித்ததும் அறிவியலை மூடிக் கணக்கைத் திறப்பது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதுபோல அவருக்குப் படும். கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம் சார்" என்று சொல்லிவந்த தலைமையாசிரியை ஒருநாள் ஏனோ இளகினார்.

"ஒரு வாரம் நடத்திக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். சரிப்பட்டா அடுத்த பருவத்துல மத்தியானம் பாடத்துக்குப் பாடம் அடிக்கிற மணியை எடுத்துடலாம். சரிப்படலேன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

அவர் எடுத்துக்கொண்ட பொருள் நிழல். மேசை கொள்ளாத தாளின் நடுவில் அதை எழுதி, சுற்றிலும் பாடங்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புகளாகப் பாய்ச்சினார். அவர் தோளுயரமே இருந்த கணக்கு டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"என்ன சார், போர்க்களம் மாதிரி இருக்கு. இதுல நான் எங்க நிக்கணும்?"

"நீங்கதான் டீச்சர் உயரம்."

"என்னைப் பாத்தா அப்படிச் சொல்றீங்க?"

பிள்ளையின் உயரமும் அதன் நிழலும் தெரிந்து, கொடிக்கம்பத்தின் நிழலும் தெரிந்தால், ஏறாமலே கம்பத்தின் உயரத்தைச் சொல்லிவிடலாம். பிள்ளைகளின் நிழல் கணக்கு டீச்சர் பொறுப்பு, கம்பத்தின் நிழல் முடிச்சு சார் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் பேசிக்கொள்ள நேரமில்லை. ஒருவர் ஓய்ந்திருக்கும் வேளையில் மற்றவருக்கு வகுப்பு.

புதன்கிழமை மட்டும் கணக்கு வேளை காலையிலேயே வரும். அன்று சாப்பாட்டு மணிக்கு முந்தைய அந்த வேளையில், கணக்கு டீச்சர் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி அளந்தார். அன்றே கடைசி வேளையில் முடிச்சு சார் அவர்களைக் கம்பத்தடிக்கு அழைத்துப் போனார். இரண்டு அளவையும் அவரே வெள்ளிக்கிழமை கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரு பாடங்களும் கைகுலுக்கும் இடம் என்று உள்ளூரப் பூரிப்பு வேறு. நாலடிப் பிள்ளைக்கு ஓரடி நிழல். கம்பத்துக்குப் பதினைந்தடி நிழல். ஆகவே கம்பம் அறுபது அடி.

கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை சன்னலுக்கு வெளியே பார்த்தார். கூரையைவிட ஓர் ஆள் உயரம்தான் கம்பம் தூக்கலாக நின்றது.

"சார், நம்ம கம்பம் எப்ப இவ்வளவு வளந்துச்சு?"

முடிச்சு சாருக்குக் காது சிவந்தது. வாசலில் நின்ற கணக்கு டீச்சர், "என் அளவு சரியாத்தான் இருந்துச்சு மேடம்" என்றார்.

"என்னுதும் சரிதான் டீச்சர்."

"அப்போ கம்பம்தான் பொய் சொல்லுது போல."

நாள் முழுக்கத் தொணதொணக்கும் ஒரு பெண் பெஞ்சிலிருந்தே சொன்னாள்: "எங்களை அளக்குறப்ப பசிச்சுச்சு சார். கம்பத்தை அளக்குறப்ப வீட்டுக்குப் போற நேரம். அதுக்குள்ள நிழல் நீண்டுருச்சு."

"எவ்வளவு நீண்டுச்சு?" என்றான் ஒருவன். "அப்போ காலையில?" என்றான் இன்னொருவன். யார் எழுந்திருக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, வகுப்பு மைதானத்தில் இருந்தது. இந்த முறை பிள்ளையும் கம்பமும் ஒரே வெயிலில் நின்றார்கள். தலைமையாசிரியை குந்தி உட்கார்ந்து அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. பிள்ளைகள் அசையவில்லை, அவர் மட்டும் ஒருகணம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி குனிந்தார். கம்பம் பதினாறு அடியில் வந்து நின்றது.

தலைமையாசிரியை மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"மணியை எடுத்துடலாம் சார். ஆனா வாரத்துக்கு ஒரு வேளை நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும். அந்த நேரம் வகுப்பை நான் பாத்துக்குறேன். பிள்ளைங்க சேந்துதான் படிக்கிறாங்க. நீங்கதான் தனித்தனியா யோசிச்சிருக்கீங்க."

அப்படி உட்கார்ந்த முதல் நாள், அடுத்த பொருளாகச் சக்கரத்தை முடிச்சு சார் முன்வைத்தார். வண்டி, குயவர், கடிகாரம் என்று அடுக்க ஆரம்பித்தார். கணக்கு டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் பிள்ளைங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? அதை ஒண்ணே ஒண்ணாச் சொல்லுங்க சார்."

முடிச்சு சார் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"ரெண்டா வச்சுக்கலாமா டீச்சர்?"

"இதென்ன சந்தையா?"

"ஒண்ணரை?"

"முதல்ல அந்த ஒண்ணைச் சொல்லுங்க," என்று டீச்சர் பென்சிலை எடுத்துக்கொண்டார். "அரையை நான் பாத்துக்குறேன்."